வலி நின்றுவிட்டது என்றாள் மச்சாள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். நிலாவெளியிலிருந்து தம்பியின் மனைவி அழைத்தாள்.

"மச்சாள், பிள்ளைக்கு வலி நின்றுவிட்டது. விடிய நான்கு மணிக்குப் பிறகு ஒரு முனகலும் இல்லை. இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறான். இனிப் பயமில்லைதானே?"

இரண்டு இரவு விழித்த களைப்பும் பெரிய ஆறுதலும் அவள் குரலில் கலந்திருந்தன. எனக்கோ வயிற்றைக் கலக்கியது.

"அவனை எழுப்பு. எழுப்பி ஒருதரம் இருமச் சொல்" என்றேன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. தொலைபேசியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தட்டியெழுப்புவது கேட்டது. இருமல் வரவில்லை. "ஐயோ அம்மா" என்ற முனகல்தான் வந்தது, அதுவும் மூச்சை அடக்கிக்கொண்டு. அவள் திரும்பி வந்து, "இரும முடியாதாம் மச்சாள். காலை நீட்டவும் மாட்டேன் என்கிறான். உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது" என்றாள்.

"ஒரு மிடறு தண்ணீரும் கொடுக்காதே. உடனே 1990 க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடு. நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன்."

நான் 31 வருடம் தாதியாக வேலை செய்தவள். அதில் ஒன்பது வருடம் சத்திரசிகிச்சைக்கூடத்தில், மிச்சத்தில் பெரும்பகுதி சத்திரசிகிச்சை விடுதியில். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. வயிற்றுவலியோடு வந்தவர்களை எத்தனை ஆயிரம் பேரைப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அப்படியிருந்தும் இந்தப் பிள்ளையின் விடயத்தில் நான் தவறினேன். அதைச் சொல்லாமல் மேலே எழுதினால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை.

வெள்ளிக்கிழமை இரவே அவள் என்னை அழைத்திருந்தாள். பிள்ளை பின்னேரம் கூட்டாளியின் பிறந்தநாளுக்குப் போய்க் கொத்துரொட்டி சாப்பிட்டு வந்தானாம். தொப்புளைச் சுற்றி வலிக்கிறதாம். ஒருதரம் வாந்தியும் எடுத்துவிட்டானாம். நான் அப்போது இரவுச் சமையலில் இருந்தேன். "கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லைப் போலிருக்கிறது. கொதித்தாறிய தண்ணீர் கொடு, காலையில் பார்ப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எது முதலில் வந்தது, வலியா வாந்தியா என்று நான் கேட்கவில்லை. பயிற்சித் தாதிகளுக்கு வருடம் வருடமாக நானே சொல்லிக்கொடுத்த கேள்வி அது. கெட்ட சாப்பாடு என்றால் பெரும்பாலும் வாந்தியும் வயிற்றோட்டமும் முன்னால் நிற்கும். குடல்வளரி அழற்சியில், அதாவது அப்பெண்டிக்ஸ் நோயில், வலி முதலில் வரும், பசி போகும், அதற்குப் பிறகுதான் வாந்தி. பிள்ளைக்குப் பின்னேரம் நான்கு மணிக்கே, கொத்துரொட்டிக்கு முன்னாலேயே, வயிறு ஒரு மாதிரி இருந்திருக்கிறது. அரை ரொட்டிதான் சாப்பிட்டிருக்கிறான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

சனிக்கிழமை அவர்கள் என்னை அழைக்கவில்லை. நான்தான் சாப்பாட்டின் குற்றம் என்று சொல்லிவிட்டேனே, பெரிய ஆஸ்பத்திரி மிஸ் சொன்ன பிறகு வேறு என்ன யோசிப்பது? மத்தியானம் தொப்புள் வலி குறைந்து வலப்பக்க அடிவயிற்றில் ஒரே இடத்தில் குத்தத் தொடங்கியிருக்கிறது. வலி இறங்கிவிட்டது, இனிப் போய்விடும் என்று தாய் நினைத்திருக்கிறாள். இஞ்சி போட்ட தேநீர், ஓமத் தண்ணீர், அதற்கு மேல் ஒரு பாமசியில் வாங்கிய காஸ் குளிசையும் வலிக் குளிசையும். ஞாயிறு விடிய வலி அடங்கியது. அவர்களுடைய கணக்கில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

வலி ஏன் இப்படி இடம் மாறுகிறது என்பதை ஒரு முறை விளங்கிக்கொண்டால் யாரும் மறக்க மாட்டார்கள். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சின்ன விரல் அளவில் தொங்கும் ஒரு குழாய்தான் குடல்வளரி. குடல்வால் என்றும் சொல்வார்கள். அதன் ஒரு முனை மூடியிருக்கும். வாய் அடைபட்டால் உள்ளே நீர் கட்டும், கிருமி பெருகும், குழாய் வீங்கும். ஆனால் குடல்வளரிக்குத் தன் இடத்தைச் சொல்லத் தெரியாது. அதன் நரம்பும் தொப்புளின் நரம்பும் முள்ளந்தண்டில் ஒரே மட்டத்தில் போய்ச் சேருவதால், முதலில் தொப்புளைத்தான் காட்டும். பிறகு வீக்கம் முற்றி, வயிற்றின் உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய உறையைத் தொடும்போது, அந்த உறை சரியான இடத்தைச் சொல்லிவிடும். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டு அதை மூன்றாகப் பிரித்தால், எலும்புப் பக்கமாக முதல் பங்கு முடியும் இடம். 1889 இல் நியூயோர்க்கில் மக்பர்னி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் குறித்து வைத்த புள்ளி. இன்றைக்கும் விடுதியில் விரல் அந்த இடத்துக்குத்தான் போகிறது.

அங்கே குத்திக்கொண்டிருந்த வலி திடீரென்று அடங்கினால், வீங்கிய குழாய் வெடித்து அழுத்தம் வெளியே போயிருக்கக் கூடும். சில மணி நேரம் ஆறுதலாக இருக்கும். நோயாளி தூங்குவார். வீட்டார் கோணேசருக்கு நேர்த்தி வைப்பார்கள். அதற்குள் சீழ் வயிறெங்கும் பரவும். எனக்கு இந்த ஆறுதல் நேரத்தைப் போல் பயம் தரும் நேரம் வேறில்லை. நடுக்கம், காய்ச்சல், பலகை மாதிரி இறுகிய வயிறு எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

காஸ் என்ற சொல்லைப் பற்றி எனக்கு நெடுநாள் கோபம் ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரில் நெஞ்சுக்கும் தொடைக்கும் இடையில் எங்கே வலித்தாலும் அது காஸ். பித்தப்பையில் கல் இருந்தாலும் காஸ், இரைப்பையில் புண் இருந்தாலும் காஸ். நெஞ்சுக்குழியில் எரிகிறது என்று சோடா குடித்துவிட்டு ஓட்டோவில் வந்த ஒரு முதலாளியை நினைத்துக்கொள்கிறேன். நீரிழிவுக்காரர், அறுபது வயதுக்கு மேல். வயிற்று நோயென்று எங்கள் விடுதிக்கு அனுப்பப் பார்த்தார்கள். அன்றைக்கு இருந்த பயிற்சி வைத்தியர் சின்னப் பெண். "முதலில் ஒரு ஈசிஜி எடுப்போம் மிஸ்" என்றாள். மாரடைப்பு. வலி மேல்வயிற்றில்தான் இருந்தது, நெஞ்சில் ஒன்றுமே இல்லை. வயது போனவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு இப்படி வயிற்றுவலியாக வேடம் போட்டு வரும். அந்தப் பிள்ளை இப்போது எங்கே வேலை செய்கிறாளோ, நல்லாயிருக்க வேண்டும்.

அம்புலன்ஸ் ஏழேமுக்காலுக்கு வந்து சேர்ந்தது. சுவசெரிய என்ற இந்த 1990 அம்புலன்ஸ் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடு முழுவதும் வந்தது. அழைப்பும் இலவசம், ஏற்றிக்கொண்டு வருவதும் இலவசம். வழியிலேயே சேலைன் ஏற்றியிருந்தார்கள். பிள்ளையைத் தள்ளுகட்டிலுக்கு மாற்றும்போது சக்கரம் வாசற்படியில் ஒருமுறை குலுங்கியது. அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். எனக்கு அதுவே போதும்.

அன்று பார்த்த டொக்டர் பிள்ளையிடம் போனதும் வயிற்றைத் தொடவில்லை. முதலில் கட்டில் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எந்தப் பாடசாலை, என்ன விளையாட்டு என்று கேட்டுக்கொண்டே இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கினார். குளிர்ந்த கை பட்டால் வயிறு தானாக இறுகும், பிறகு எது நோயின் இறுக்கம் எது கூச்சத்தின் இறுக்கம் என்று தெரியாது. முழங்காலை மடிக்கச் சொன்னார். வலியில்லாத இடப்பக்கத்தில் கையை வைத்து மெல்ல மெல்ல நகர்ந்தார். கை வயிற்றில், கண் முழுவதும் பிள்ளையின் முகத்தில். இடப்பக்கம் அழுத்தும்போதே அவன் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். வலப்பக்கம் போனபோது அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. பிறகு காதுக்குழாயை வைத்துக் குடலின் சத்தத்தைக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அமைதியாக இருக்கிறது மிஸ்" என்றார். வயிற்றில் சீழ் பரவினால் குடல் வேலைநிறுத்தம் செய்துவிடும். சாதாரணமாகக் கேட்கும் அந்தக் குடுகுடு ஓசை நின்றுபோகும்.

இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிக அதிகம். ஸ்கேனில் வலப்பக்க அடிவயிற்றில் நீர் தெரிந்தது. ஆனாலும் நோயைக் கண்டுபிடித்தது அந்தக் கதிரையும் அந்தக் கையும்தான் என்பேன். இயந்திரம் அதை உறுதிப்படுத்தியது. வலி குறையவும் ஊசி போட்டார்கள். நாங்கள் படித்த காலத்தில், பெரிய டொக்டர் பார்க்கும்வரை வலிக்கு ஊசி போடக் கூடாது, நோய் மறைந்துவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லித் தந்தார்கள். ஆட்கள் கட்டிலில் துடித்துக்கொண்டு கிடப்பார்கள். பிறகு நடந்த ஆய்வுகளில், ஆஸ்பத்திரியில் வைத்து வலியைக் குறைத்தால் நோயைக் கண்டுபிடிப்பது கெடாது என்று தெரிந்தது. அந்தப் பழக்கம் போனதில் எனக்குப் பெரிய சந்தோஷம். வீட்டில் பாமசிக் குளிசையை விழுங்கிவிட்டு இரண்டு நாள் காத்திருப்பது வேறு கதை.

தம்பி சம்மதக் கையெழுத்துப் போட்டான். பேனாவைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. கடலில் புயலுக்குள் படகைத் திருப்பிக்கொண்டு வந்தவன் அவன். "அக்கா, நீ உள்ளே போக மாட்டாயா?" என்று கேட்டான். போக முடியாது என்றேன். கதவு மூடியது. ஒன்பது வருடம் அந்தக் கதவுக்கு உள்ளே நின்றவள் முதல்முறையாக வெளியே வாங்கில் உட்கார்ந்தேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவளுக்கு வெளியே இருப்பது லேசான காரியமில்லை. இப்போது தொப்புளுக்குக் கீழே நேராகத் தோல். கொழுப்பு. வெள்ளை நார்ப்படலம். கடைசியில் அந்த மெல்லிய உறை. அதைத் திறந்ததும் சீழ் தானாக எழுந்து வரும், உறிஞ்சு குழாய் சத்தம் போடும், அறை முழுக்க ஒரு நாற்றம் பரவும். அந்த நாற்றத்தை ஒருதரம் முகர்ந்தவர் சாகும்வரை மறக்க மாட்டார். பிறகு பெருங்குடலின் தொடக்கத்தைத் தேடிப் பிடிப்பார்கள். அதன் மேல் நீளவாக்கில் மூன்று நாடாக்கள் ஓடும். மூன்றும் எங்கே கூடுகின்றனவோ அங்கேதான் குடல்வளரியின் அடி. எவ்வளவு வீங்கி ஒட்டிப் புதைந்து கிடந்தாலும் நாடாவைப் பிடித்துக்கொண்டே போனால் அது அகப்படும். முதலில் அதற்கு வரும் இரத்தக்குழாயைக் கட்டி, அடியைக் கட்டி, வெட்டி எடுத்து, சூடான சேலைனை லீற்றர் கணக்கில் ஊற்றிக் கழுவுவார்கள். கலங்கலாக வரும் தண்ணீர் தெளிந்து வரும்வரை கழுவுவார்கள்.

அதற்குப் பிறகுதான் எண்ணிக்கை. வயிற்றுக்குள் வைத்த துணிகள், ஊசிகள், கருவிகள் ஒவ்வொன்றையும் தொடங்கும்போது இரண்டு தாதிகள் சத்தமாக எண்ணிப் பலகையில் எழுதியிருப்பார்கள். மூடுவதற்கு முன் மறுபடி எண்ணுவார்கள், தோலைத் தைக்கும்போது மறுபடி. ஒரு துணி குறைந்தாலும் யாராக இருந்தாலும் கையை எடுக்க வேண்டியதுதான். ஒருநாள் நள்ளிரவில் எனக்குப் பத்துக்கு ஒன்பதுதான் வந்தது. "மூட விடமாட்டேன் சேர்" என்றேன். இருபது நிமிடம் தேடினோம். இரத்தத்தில் நனைந்து இறுகி ஈரலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அன்றிலிருந்து எண்ணிக்கை எனக்கு மந்திரம் மாதிரி. வாங்கில் உட்கார்ந்திருந்தபோது என் உதடு தன் பாட்டில் எண்ணிக்கொண்டிருந்ததைத் தம்பி பார்த்துவிட்டு, நான் செபிக்கிறேன் என்று நினைத்துத் தானும் கையைக் கூப்பிக்கொண்டான்.

அந்த நேரத்தில்தான் பழைய முகங்களெல்லாம் வந்தன. தொண்ணூறுகளில் மூதூரிலிருந்து வந்த ஒரு தாய். பாலங்கள் இல்லாத காலம். கொட்டியாரக் குடாவைக் கடக்க லாஞ்சியை விட்டால் வழியில்லை, இரவில் அதுவும் இல்லை. மூதூருக்குப் போகும் தரைவழியில் உள்ள கிண்ணியாப் பாலமே 2009 இல்தான் திறந்தார்கள். அவளுக்கு வயிறு வெடித்தது பின்னேரம், லாஞ்சி வந்தது மறுநாள் காலை. எங்கள் கையில் வந்தபோது நாடி நூலாக ஓடியது. அவளைக் காப்பாற்ற முடியவில்லை. இன்றைக்கு நிலாவெளியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பில் வண்டி வருகிறது. கடல் குறுக்கே நிற்கவில்லை, சோதனைச்சாவடி இல்லை. இருந்தும் எங்கள் பிள்ளைக்கு அவளைவிட அதிக நேரம் வீணாகியிருக்கிறது. வீணாக்கியதில் என் பங்கும் உண்டு.

கரைவலை இழுக்கும் ஒரு பெரியவரும் நினைவுக்கு வந்தார். கரைவலை என்றால் ஊர் கூடி இழுக்கும் பாரம். காலை மணலில் ஊன்றி, மூச்சை அடக்கி, இடுப்பை வளைத்து இழுக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, வயிறும் தொடையும் சேரும் அரைப்பக்கத்தில் தசை பலவீனமான இடத்தால் குடல் வெளியே தள்ளும். குடலிறக்கம் என்பது இதைத்தான். அவருக்குப் பன்னிரண்டு வருடமாக அந்தப் புடைப்பு இருந்திருக்கிறது. படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்தால் வரும். சாரத்துக்குள் மறைத்து, துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வலை இழுத்திருக்கிறார். மனைவிக்கே காட்டியதில்லை. ஒருநாள் வெளியே வந்தது உள்ளே போகவில்லை. கல்லாக இறுகி, தொட முடியாத வலி, வாந்தி. கதவிடுக்கில் விரல் நசுங்கியதைப் போல் குடல் அந்த ஓட்டையில் நெரிந்து இரத்தம் ஓடாமல் கறுத்துவிட்டது. ஒரு முழத்துக்கு மேல் குடலை வெட்டி எடுத்து இரண்டு முனையையும் தைத்துச் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். முன்பே வந்திருந்தால் சத்திரசிகிச்சைக்கென்று உள்ள ஒரு வலைத்துண்டை வைத்துத் தைத்து மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். "வெட்கமாக இருந்தது பிள்ளை" என்று என்னிடம் சொன்னார், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில். கடற்கரையில் இதை வாசிக்கும் அண்ணன்மார் யாராவது இருந்தால் கேட்டுக்கொள்கிறேன்: அரைப்பக்கத்தில் புடைப்பு இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே இருப்பவர்கள் தினமும் இதைப் பார்க்கிறவர்கள். அவர்களுக்கு அது ஒரு வெட்கமும் இல்லை.

பெண்களுக்கு இன்னொரு வெட்கம். இளம்பெண் அடிவயிற்று வலியோடு வந்தால், கடைசி மாதவிடாய் எப்போது என்று கேட்காமல் எந்த வைத்தியரும் மேலே போக மாட்டார். கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் வெடித்தால் குடல்வளரி வலி போலவே இருக்கும், குடல்வளரியைவிட வேகமாக உயிரை எடுக்கும். தாயையோ மாமியையோ வெளியே அனுப்பிவிட்டு நாங்கள் கேட்போம். அனுப்பும்போது கோபிக்காதீர்கள்.

டெங்குவும் வயிற்றுவலியாக வரும். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு உக்கிரமாக இருந்தபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களில் கத்தியே வைக்கக் கூடாதவர்கள் பலர். காய்ச்சலோடு வயிற்றுவலி என்றால் பனடோலைத் தவிர வேறு வலிக் குளிசையைத் தொடாதீர்கள் என்று அப்போது விடுதியில் தொண்டை வற்றக் கத்தினோம். டைக்ளோஃபெனாக் போன்றவை டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டும். டெங்கு இல்லாதவருக்கும் இடுப்புவலிக்கென்று மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் ஓட்டை போடும்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. டொக்டர் வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கினார். கையில் சிறுநீரக வடிவத் தட்டு. தம்பிக்குக் காட்டினார், தம்பி பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் பார்த்தேன். எட்டு சென்ரிமீற்றர் இருக்கும். அடிப்பக்கம் செந்நீலம், நுனிப்பக்கம் கறுப்பு. நுனிக்குச் சற்று முன்னால் ஒரு துவாரம், அதன் ஓரம் சாம்பல் நிறத்தில் கூழாகியிருந்தது. பக்கத்தில் ஒரு பயறளவு உருண்டை, கபில நிறம், கல் போல் இறுகியது. மலம் காய்ந்து இறுகிய துணுக்கு. குழாயின் வாயை அடைத்து எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது அதுதான். அந்தப் பயறைப் பார்த்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. "நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் மிஸ்" என்றார் டொக்டர். நல்ல நேரம் வெள்ளிக்கிழமை இரவு, அல்லது சனிக்கிழமை மத்தியானம். அவர் பெரிய மனதோடு சொன்னார்.

தாதியர் கல்லூரியில் எங்களுக்குச் சத்திரசிகிச்சை படிப்பித்தவர் ஒரு கதை சொல்வார். 1902 ஜூன் 26 இல் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு முடிசூட்டு விழா. இலங்கைக்கும் அப்போது அவர்தான் மன்னர். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அவருக்குக் குடல்வளரிப் பக்கத்தில் சீழ் கட்டி முற்றிவிட்டது. மன்னர் விழாவுக்குப் போவேன் என்று அடம்பிடித்தார். பிரெடரிக் ட்ரீவ்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் விடவில்லை. 24 ஆம் திகதி வயிற்றைத் திறந்து சீழை வடித்தார். மன்னர் பிழைத்து ஓகஸ்ட் 9 இல் முடிசூடிக்கொண்டார். கதை அதோடு முடிவதில்லை. அதே ட்ரீவ்ஸின் சொந்த மகள் 1900 இல், மன்னருக்கு இரண்டு வருடம் முன்னால், அதே நோயில் இறந்துபோனாள். இங்கிலாந்தில் அந்த நோயை அவரைவிட அறிந்தவர் அநேகமாக யாரும் இல்லை. வகுப்பில் இருந்தபோது அது எனக்கு ஒரு பரீட்சைக் குறிப்பு. அன்றிரவு பிள்ளையின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது, மன்னரிடம் விட்டுக்கொடுக்காமல் நின்ற அந்தத் தகப்பன் மனதில் யாரை வைத்துக்கொண்டு நின்றிருப்பார் என்று யோசித்தேன்.

வெடித்த வயிற்றுக்குச் சத்திரசிகிச்சை முடிந்தாலும் வேலை முடிவதில்லை. மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய், அதில் பச்சையாகப் பித்தம் வடிந்துகொண்டிருக்கும். வயிற்றின் பக்கவாட்டில் சீழ் வடிய இன்னொரு குழாய். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நேரம் தவறாமல் நாளத்தில் ஏற வேண்டும். எவ்வளவு நீர் ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று மணிக்கு மணி டிக்கெட்டில், அதாவது நோயாளியின் குறிப்பேட்டில், எழுத வேண்டும். இரண்டாம் நாளே பிள்ளையை எழுப்பி நடக்க வைத்தார்கள். மச்சாள் பதறினாள், தையல் பிரிந்துவிடும் என்று. பிரியாது. நடந்தால்தான் நெஞ்சில் சளி கட்டாது, காலில் இரத்தம் உறையாது, உறங்கிய குடல் விழிக்கும். தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிறு காலை இரும முடியாமல் போனவன் செவ்வாய்க்கிழமை தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருமினான்.

வாய்க்குத் தண்ணீர் மட்டும் கிடையாது. பஞ்சை நனைத்து உதட்டைத் துடைப்போம், அவ்வளவுதான். ஒவ்வொரு காலையும் டொக்டர்மார் கட்டில் கட்டிலாக வரும்போது அவனிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "காற்றுப் போனதா தம்பி?" பதினாறு வயதுப் பிள்ளை. சுற்றிலும் ஆறு பேர், அதில் மூன்று பேர் அவனைவிட நாலைந்து வயதே மூத்த பயிற்சிப் பெண்கள். காது சிவந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். திங்கள் இல்லை. செவ்வாய் இல்லை. புதன் காலை வயிறு கொஞ்சம் ஊதியிருந்தது. டொக்டர் கையை வைத்து யோசித்துவிட்டு, "நாளைக்கும் பார்ப்போம்" என்று போனார். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை நான் சொன்ன சொல் அது.

இரவுக்குத் தம்பியையும் மச்சாளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விடுதிப் பொறுப்புத் தாதியிடம் கேட்டு நானே அவனருகே இருந்தேன். ஒரு மணிக்கு ஒருதரம் எழுப்பி நடைவழியின் கோடிவரை நடத்திக்கொண்டு போய்த் திருப்பிக் கூட்டிவந்தேன். ஒரு கையில் சேலைன் தடி, மறுகையில் என் தோள். யன்னலுக்கு வெளியே கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. மூன்றாவது நடை முடிந்து கட்டிலில் சாய்த்த பிறகு காதை அவன் வயிற்றுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். எங்கோ ஆழத்தில் தண்ணீர் புரளுவது போல் ஒரு சத்தம். நின்றது. மறுபடி கேட்டது.

ஐந்து மணிக்குச் சற்று முன் யாரோ என் சேலைத் தலைப்பை இழுத்தார்கள். விழித்துப் பார்த்தேன். அவன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமி" என்றான் மெல்ல. பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். "போனது."

"எத்தனை தரம்?"

"இரண்டு."

நான் எழுந்து போய் டிக்கெட்டில் எழுதும்படி இரவுத் தாதியிடம் சொன்னேன். அவள் நேரத்தைப் பார்த்து எழுதினாள்: அதிகாலை 4.50. திரும்பி வந்தபோது பிள்ளை, "இனித் தண்ணீர் குடிக்கலாமா மாமி?" என்று கேட்டான்.

டொக்டர் வந்து குழாயை எடுத்த பிறகு முதல் கரண்டியை மச்சாள்தான் ஊட்டினாள்.